முதலாளியா, சர்க்காரா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "செல்போனுக்குள் இருப்பதில் பாதி அரசாங்கக் காசில் பிறந்தது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான். முதலாளித்துவக்காரர்கள் ஒரு பக்கம், தோழர்கள் ஒரு பக்கம் என்று கடிதமும் மின்னஞ்சலுமாகக் குவிந்துவிட்டன. திட்டி எழுதியவர்களைக் கழித்துவிட்டு, கேள்வி கேட்டவர்களுக்கு மட்டும் இந்த இதழ்.

அரசாங்கமாவது, கண்டுபிடிப்பதாவது! போட்டியும் லாபமும் இல்லாமல் எந்தத் தொழில்நுட்பமும் வந்ததில்லை. நம் கையில் இருக்கும் போனே அதற்குச் சாட்சி இல்லையா?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

சாட்சிதான். ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட முடியாதே.

போனை எடுத்து மேப்பைத் திறக்கிறீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ், அமெரிக்க ராணுவம் தன் தேவைக்காக ஏற்றிவிட்ட செயற்கைக்கோள்களின் வேலை. 1983இல் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் போய், சுட்டு வீழ்த்தப்பட்டு, 269 பேர் இறந்த பிறகுதான் இது தயாரானதும் பொதுமக்களும் உபயோகிக்கலாம் என்று ரீகன் அரசு அறிவித்தது. இணையத்தின் ஆதி வடிவமான அர்பாநெட் பென்டகன் காசு. வெப் என்பது ஐரோப்பிய அரசுகள் சேர்ந்து நடத்தும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ செய்தது. 1993 ஏப்ரல் 30 அன்று, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ராயல்டி வேண்டாம் என்று செர்ன் எழுதியே கொடுத்துவிட்டது.

சிப்புக்கு வருவோம். டிரான்சிஸ்டர் பிறந்த பெல் லேப்ஸ் தனியாருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி போட்டியே இல்லாத டெலிபோன் ஏகபோகம். அதனால்தான் பத்து வருடம் கழித்துப் பலன் தரும் ஆராய்ச்சிக்கெல்லாம் காசு கொடுக்க முடிந்தது. 1956இல் நீதிமன்ற சமரசத்தில், அதுவரை எடுத்திருந்த காப்புரிமைகளை மற்றவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்று அரசு அதன் கையை முறுக்கியது. அப்புறம் 1960களின் தொடக்கத்தில் ஒருங்கிணைந்த சிப் வந்தபோது விலை எக்கச்சக்கம். கடைக்காரன் யாரும் தொடவில்லை. வாங்கியது யார்? மினிட்மேன் ஏவுகணையும், நிலவுக்குப் போன அப்போலோவின் கம்ப்யூட்டரும். அவர்கள் மூட்டை மூட்டையாக வாங்க வாங்கத்தான் விலை இறங்கி, கால்குலேட்டருக்கும் ரேடியோவுக்கும் வந்தது.

இத்தனையும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இதையெல்லாம் ஒரு கண்ணாடிப் பலகைக்குள் அடைத்து, கைநாட்டு வைக்கிற பாட்டிகூடப் பேரனோடு வீடியோவில் பேசும்படி செய்தது கம்பெனிகள்தான். எந்த இலாகாவும் அதைச் செய்திருக்காது. செய்திருந்தால் பட்டனுக்குப் பட்டன் அட்டெஸ்டேஷன் கேட்டிருக்கும். லாபம் கண்ணுக்குத் தெரிந்தால் முதலாளி ஓடி வருவார். இருபது வருடம் கழித்து வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றால் அவர் செக் புத்தகத்தை மூடிவிடுவார். அது அவர் குற்றமில்லை, பாலன்ஸ் ஷீட் அப்படி.

ராக்கெட், துப்பாக்கி தவிர சாதாரண மனிதர்களுக்கு உபயோகமாக சோஷலிச நாடுகள் ஏதாவது கண்டுபிடித்தனவா? நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை

உங்கள் பேத்தி கண்ணாடி போடாமல் கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் வைத்துக்கொள்கிறாளா டீச்சர்? அந்த மெத்தென்ற லென்ஸ் கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தது. பிறந்த விதம்தான் கதை.

ஓட்டோ விக்டெர்லே என்று பிராகில் ஒரு வேதியியலாளர். உடம்புக்குள் வைத்தாலும் தொந்தரவு செய்யாத, தண்ணீரை உறிஞ்சி மிருதுவாகிற ஒரு பிளாஸ்டிக்கை 1950களில் அவரும் சகாவான லிம்மும் தயாரித்தார்கள். அதுவரை இருந்த கான்டாக்ட் லென்ஸ் கெட்டி ரகம், கண் உறுத்தும். இதைக் கண்ணில் வைத்தால் என்ன என்று தோன்றியது. இதற்கிடையே 1958இல் அரசியல் களையெடுப்பில் பல்கலைக்கழக வேலை போயிற்று. அடுத்து அறிவியல் அகாடமியில் ஒரு புது நிறுவனத்துக்குத் தலைமை கிடைத்தது. லென்ஸ் வேலை ஓரளவு நகரும்போது சுகாதார அமைச்சகம், போதும், இது தேறாது என்று நிறுத்திவிட்டது.

மனுஷன் விடவில்லை. 1961 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், வீட்டுச் சமையலறை மேஜையில் பையனின் மெர்க்கூர் விளையாட்டு செட்டை எடுத்தார். ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகளையும் நட்டு போல்ட்டையும் வைத்துக் கிரேன், வண்டி என்று பிள்ளைகள் கட்டுவார்களே, அந்த வகை. அதில் ஒரு சுழலும் இயந்திரம் கட்டினார். சுழற்ற சைக்கிள் விளக்கின் டைனமோ, அதற்குக் கரண்ட் கொடுக்க வீட்டு அழைப்பு மணியின் டிரான்ஸ்பார்மர். சின்ன அச்சுக்குள் திரவத்தை ஊற்றிச் சுழற்றினால் அது ஓரத்துக்கு ஏறி, தானே லென்ஸ் வடிவத்தில் இறுகும். கிறிஸ்துமஸ் அன்று பிற்பகல் முதல் நான்கு லென்ஸ்கள் தயார். பிறகு டைனமோவுக்குப் பதில் கிராமபோன் மோட்டாரைப் போட்டு, அவரும் மனைவியுமாக ஆயிரக்கணக்கில் வீட்டிலேயே வார்த்தார்கள்.

அதற்கப்புறம்? 1965இல் காப்புரிமை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அவர்களிடமிருந்து பாஷ் அண்ட் லோம் வாங்கியது. 1971இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்து உலகச் சந்தைக்குப் போயிற்று. விக்டெர்லே 1968இல், பிராக் வசந்தம் என்கிற அரசியல் சீர்திருத்த முயற்சியின்போது சீர்திருத்தக்காரர்கள் பக்கம் நின்றதற்காக இயக்குநர் பதவியையும் இழந்தார்.

பெரிய ஆராய்ச்சிக்கூடம், சம்பளம், பத்து வருட நிம்மதி எல்லாவற்றையும் அந்த அரசாங்கம் கொடுத்தது என்பதும் உண்மை. ஒரு அமைச்சகம் 'வேண்டாம்' என்றதும், தட்டுவதற்கு வேறு கதவே அந்த நாட்டில் இல்லாமல், சமையலறைக்குப் போக வேண்டி வந்ததும் உண்மை. என்னைக் கேட்டால் இந்த விவாதத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. அமைப்புக்கு என்ன பெயர் என்பதைவிட, ஒருத்தர் முடியாது என்றால் போய்த் தட்ட இன்னொரு கதவு இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார் பற்றி நாலு வரி?
– ஒர்க்‌ஷாப் உரிமையாளர், நாமக்கல்

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பருத்திக் கழிவையும் ரெசினையும் அழுத்திச் செய்த பாடி. 1957 முதல் 1991 வரை ஏறக்குறைய முப்பது லட்சம் வண்டிகள். பதிவு செய்துவிட்டுப் பத்து வருடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய வண்டி புது வண்டியைவிட அதிக விலைக்குப் போன அதிசயமும் நடந்தது. அங்கிருந்த எஞ்சினியர்கள் மக்குகள் இல்லை. புது மாடல்களை வரைந்து, மாதிரி வண்டி செய்து ஓட்டியும் காட்டினார்கள். கட்சித் தலைமை மேலிடத்தில் உட்கார்ந்து, செலவு அதிகம், இருப்பதே போதும் என்று மூடிவிட்டது.

சிரிக்காதீர்கள். நம் அம்பாசடரும் அதே 1950களில் தொடங்கி 2014 வரை பெரிதாக முகம் மாறாமல் ஓடியது. அதைச் செய்தது அரசாங்கம் இல்லை, பிர்லா குடும்பத்தின் தனியார் கம்பெனி. லைசென்ஸ் கையில் இருந்தது, ரொம்ப காலத்துக்குப் போட்டி பெயருக்குத்தான், வாங்குகிறவன் வரிசையில் நின்றான். சொத்து யார் பெயரில் இருந்தால் என்ன, விளைவு ஒன்றாகத்தான் வந்தது.

நிலவுக்கு முதலில் மனிதனை அனுப்பியது அமெரிக்கா. சோவியத்தின் மத்தியத் திட்டமிடல் அதில்தானே தோற்றது?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

இங்கேதான் எல்லோரும் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். நிலவு விஷயத்தில் மத்தியத் திட்டம் போட்டு வேலை பார்த்தது அமெரிக்கா! நாசா என்று ஒரே அரசு நிறுவனம், 1966 வாக்கில் மத்திய பட்ஜெட்டில் நான்கு சதவீதத்துக்கு மேல் அதற்கே, ஒரு தேதி, ஒரு இலக்கு, அதற்குக் கீழே போயிங், கிரம்மன் போன்ற கம்பெனிகள் கான்ட்ராக்டில். மொத்தம் நாலு லட்சம் பேர்.

சோவியத்தில் என்ன நடந்தது? கொரோல்யோவ் ஒரு பக்கம், செலோமேய் ஒரு பக்கம், யாங்கெல் இன்னொரு பக்கம் என்று ராக்கெட் வடிவமைப்பாளர்களின் அலுவலகங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. செலோமேய் சாமர்த்தியசாலி, நாட்டுத் தலைவர் குருஷ்சேவின் மகனுக்கே வேலை போட்டுக் கொடுத்திருந்தார். (இந்த வித்தை எந்த இசத்துக்கும் சொந்தமில்லை.) எஞ்சின் மேதை குளுஷ்கோவுக்கும் கொரோல்யோவுக்கும் எந்த எரிபொருள் என்பதில் தகராறு; பழைய பகையும் உண்டு. ஸ்டாலின் காலத்தில் 1938இல் கைதாகி, கோலிமா தங்கச் சுரங்கத்தில் பற்களை இழந்தவர் கொரோல்யோவ். தன்னைக் காட்டிக்கொடுத்தவர்களில் குளுஷ்கோவும் உண்டு என்று நினைத்தார். கடைசியில் குளுஷ்கோ இல்லாமல், விமான எஞ்சின் செய்துவந்த குஸ்னெட்சோவிடம் போய், சின்னச் சின்னதாக முப்பது எஞ்சின்களை அடியில் வைத்து என்1 என்ற நிலவு ராக்கெட்டைக் கட்டினார்கள். கொரோல்யோவ் 1966 ஜனவரியில் ஒரு அறுவைச் சிகிச்சையில் இறந்துபோனார். அதன் பிறகுதான் அவர் பெயரே உலகத்துக்குத் தெரிந்தது. என்1 1969 முதல் 1972 வரை நான்கு முறை கிளம்பி நான்கு முறையும் தோற்றது.

ஆனால் அந்த எஞ்சின்கள் மோசமா? அதுதான் வேடிக்கை. திட்டம் ரத்தானதும் அழித்துவிட உத்தரவு. குஸ்னெட்சோவின் ஆட்கள் அழிக்காமல் கிடங்கில் போட்டு வைத்தார்கள். 1990களில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று வந்து பார்த்து வாயைப் பிளந்து வாங்கிக்கொண்டு போனது. குளுஷ்கோ உருவாக்கிய நிறுவனத்தின் ஆர்டி-180 எஞ்சின்தான் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அட்லஸ் ராக்கெட்டில் அமெரிக்க உளவு செயற்கைக்கோள்களையே தூக்கிப் போனது. எஞ்சின் செய்யத் தெரிந்தவர்களை ஒரு மேஜையில் உட்கார வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் எந்தக் கட்சி? நேரடியாகச் சொல்லவும்.
– வாசகர், சிவகாசி

ரேஷன் கடையிலும் நின்றிருக்கிறேன், தனியார் ஆஸ்பத்திரி பில் கவுன்டரிலும் நின்றிருக்கிறேன். வரிசையில் நிற்கிற கட்சி.

முதலாளித்துவம் நல்ல பொருளைக் கொல்லும் என்கிறார்களே, உதாரணம் உண்டா?
– பாத்திரக் கடைக்காரர், கும்பகோணம்

உங்கள் தொழிலுக்கு ஏற்ற உதாரணமே உண்டு. கிழக்கு ஜெர்மனியில் 1980 முதல் 1990 வரை சூப்பர்ஃபெஸ்ட் என்று ஒரு கண்ணாடி டம்ளர் செய்தார்கள். சூடான பொட்டாசிய உப்புக் குளியலில் போட்டால், கண்ணாடியின் மேல் பரப்பில் இருக்கும் சின்ன சோடியம் அயனிகள் வெளியேறி, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் நெருக்கியடித்து உட்காரும். அந்த நெருக்கத்தால் கீழே விழுந்தாலும் லேசில் உடையாது. மூலப்பொருள் தட்டுப்பாடு இருந்த நாடு, அடிக்கடி உடையாத டம்ளர் அதற்குத் தேவைப்பட்டது. சுமார் பன்னிரண்டு கோடி செய்தார்கள். மேற்கு நாட்டு வியாபாரிகளிடம் விற்கப் பார்த்தபோது யாரும் சீந்தவில்லை. உடைந்தால்தானே அடுத்த டஜன் விற்கும்? இரு ஜெர்மனிகளும் சேர்ந்ததும் ஆலை மூடப்பட்டது. இன்று உங்கள் போனின் மேல் கண்ணாடி பலமாக இருப்பது அதே அயனி மாற்று வித்தையால்தான்.

இதைவிடப் பச்சையான உதாரணம் 1924இல் ஜெனீவாவில் கூடிய பீபஸ் கூட்டணி. ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலான பெரிய பல்ப் கம்பெனிகள் சேர்ந்து, குண்டு பல்ப் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. அதிகம் எரிகிற பல்ப் செய்தால் அபராதம்! ஆயுளைக் குறைக்க அவர்கள் எஞ்சினியர்கள் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தார்கள் என்பதுதான் என்னால் ஜீரணிக்க முடியாத விஷயம்.

சோவியத் யூனியனும் இன்டர்நெட் செய்யப் பார்த்ததாமே? ஏன் வரவில்லை?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

பார்த்தது. கீவ் நகரில் விக்டர் குளுஷ்கோவ் (ராக்கெட் குளுஷ்கோ வேறு, இவர் வேறு) 1962 வாக்கிலேயே நாடு முழுவதும் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஓகாஸ் திட்டத்தைப் போட்டார். மாஸ்கோவில் ஒரு தலைமை மையம், பெரிய நகரங்களில் இருநூறு மையங்கள், அதற்குக் கீழே இருபதாயிரம் வரை முனையங்கள், தொழிற்சாலைக் கணக்கு அத்தனையும் உடனுக்குடன். காகிதமில்லாப் பணம்கூட அவர் யோசனையில் இருந்தது.

கொன்றது யார்? சிஐஏ இல்லை, நிதி அமைச்சகம். புள்ளிவிவரத் துறைக்கும் நிதித் துறைக்கும் இது யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் இழுபறி. கணக்கெல்லாம் திரையில் தெரிந்துவிட்டால் தொழிற்சாலை மேலாளர்கள் ஒளித்து வைத்த சரக்கு, பொய்க் கணக்கு எல்லாம் வெளியே வருமே, அவர்களுக்கும் பிடிக்கவில்லை. 1970 அக்டோபர் 1 அன்று கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ கூடியது, நிதி அமைச்சர் கர்புசோவ் முட்டுக்கட்டை போட்டார், திட்டம் துண்டு துண்டாகச் சிதறிப்போனது. இதற்குப் பதினோரு மாதம் முன்புதான், 1969 அக்டோபர் 29 அன்று, கலிஃபோர்னியாவில் அர்பாநெட்டில் 'லாகின்' என்று அடிக்கப் போய் இரண்டே எழுத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. படுத்தது என்று யாரும் ஃபைலை மூடவில்லை. நிகர லாபம் எவ்வளவு என்று கேட்கிற நிதி அமைச்சரும் அந்த அறையில் இல்லை. மறுபடி ஆன் செய்தார்கள்.

மருந்து விஷயத்தில் காப்புரிமை வேண்டுமா, வேண்டாமா? காப்புரிமை இல்லாவிட்டால் யார் புது மருந்து கண்டுபிடிப்பார்கள் என்கிறான் என் தம்பி.
– மருந்துக் கடைப் பணியாளர், வேலூர்

தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நம் நாட்டுக் கதையே போதும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே மருந்து விலை கண்ணைக் கட்டியது. அரசு இரண்டு காரியம் செய்தது. ஒன்று, தானே ஆலை போட்டது: 1954இல் புனே அருகே பிம்ப்ரியில் பென்சிலின் செய்ய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், 1961இல் சோவியத் உதவியோடு ஐடிபிஎல் என்ற அரசு மருந்துக் கம்பெனி. ஐடிபிஎல்லுக்கு ரிஷிகேஷ், ஹைதராபாத், சென்னையில் எல்லாம் ஆலைகள் இருந்தன. இரண்டாவது, 1970இல் காப்புரிமைச் சட்டத்தை மாற்றி, மருந்துக்கு இனி காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்றது. அதாவது அதே மருந்தை நீ வேறு வழியில் செய்துகாட்டு, விற்றுக்கொள். நம் கெமிஸ்டுகளுக்கு இது கரும்பு தின்னக் கூலி. ஐடிபிஎல்லில் வேலை கற்றவர்களே வெளியே வந்து தனிக் கம்பெனி தொடங்கினார்கள்; டாக்டர் ரெட்டீஸ் தொடங்கிய அஞ்சி ரெட்டி அங்கே வேலை பார்த்தவர்தான். சோவியத் காசில் கட்டிய சர்க்கார் ஆலை, இந்திய முதலாளிகளுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது என்று சொன்னால் இரு தரப்புக்கும் கோபம் வரும். நடந்தது அதுதான்.

இதன் பலன் 2001இல் தெரிந்தது. எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு ஒரு ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிற காலத்தில், சிப்லாவின் யூசுஃப் ஹமீது 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். ஆப்பிரிக்காவில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணி மாளாது. கவனியுங்கள், சிப்லா தர்ம ஸ்தாபனம் இல்லை, லாபம் பார்க்கிற தனியார் கம்பெனி.

2005இல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக மருந்துக் காப்புரிமையை மறுபடி கொண்டுவந்தோம். ஆனால் 3(டி) என்று ஒரு பூட்டும் போட்டோம். பழைய மருந்தையே கொஞ்சம் உருமாற்றிக்கொண்டு வந்து, குணத்தில் முன்னேற்றம் காட்டாமல், புதுக் காப்புரிமை கேட்டால் கிடையாது. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளீவெக்குக்கு சுவிஸ் கம்பெனியான நோவார்டிஸ் கேட்டபோது சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் சட்டத்தையே எதிர்த்துப் பார்த்தார்கள், 2007இல் தள்ளுபடி. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அப்போது அவர்கள் மருந்து மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல், நம் கம்பெனிகளுடையது பத்தாயிரத்துச் சுற்றுவட்டாரத்தில் இருந்தது. அடையாறிலோ உங்கள் வேலூரிலோ புற்றுநோய் வார்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு இது வெறும் சட்ட விவாதம் இல்லை.

இப்போது தம்பியின் பாதி. அந்த மூலக்கூறை உருவாக்கியது பிற்பாடு நோவார்டிஸாக மாறிய கம்பெனிதான், நாம் இல்லை. நகல் எடுப்பதில் உலகத்திலேயே கெட்டிக்காரர்களாகி, புது மூலக்கூறு என்று வரும்போது சொல்லிக்கொள்ள அதிகமில்லாமல் நிற்கிறோம். ஐடிபிஎல்லோ நோய்ப்பட்டுப் படுத்து, ஆலைகள் பூட்டிக் கிடக்கின்றன. சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடத்தைச் சோறு போடாமல் சாகடித்தோம்.

எந்த அமைப்பில் விஞ்ஞானிக்கு மரியாதை அதிகம்?
– ஆராய்ச்சி மாணவி, மதுரை

இரண்டு பேர் கதையைச் சொல்கிறேன், நீங்களே மார்க் போடுங்கள்.

நிகோலாய் வவிலோவ். உலகம் சுற்றி விதை சேர்த்து, லெனின்கிராடில் மாபெரும் விதைச் சேமிப்பை உருவாக்கியவர். மரபணுவாவது ஒன்றாவது, பயிரைப் பழக்கினால் அதன் குணமே மாறும் என்று லைசென்கோ என்பவர் ஸ்டாலினின் காதைப் பிடித்தார். அது சித்தாந்தத்துக்கும் இனிப்பாக இருந்தது. 1940இல் வவிலோவ் கைது. 1943 ஜனவரியில் சரதோவ் சிறையில், கோதுமையைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்த மனிதர் பட்டினியில் இறந்தார். நாஜி முற்றுகையில் அவருடைய ஊழியர்கள் சிலரும் சுற்றிலும் விதை மூட்டைகள் இருக்க, அதைத் தொடாமல் பசியில் செத்தார்கள். 1960களின் நடுவில்தான் அந்த நாட்டில் மரபியல் மறுபடி மூச்சு விட்டது.

கடலின் காரிகோ. சோஷலிச ஹங்கேரியில் கசாப்புக் கடைக்காரரின் மகள். இலவசப் படிப்பு, செகெட் ஆய்வுக்கூடத்தில் ஆர்என்ஏ ஆராய்ச்சி. 1985இல் நிதி நின்றது. காரை விற்ற பணத்தை, 900 பவுண்டு, மகளின் டெடி பொம்மைக்குள் வைத்துத் தைத்து எல்லை தாண்டி அமெரிக்கா போனார். அங்கே சொர்க்கமா? மானியம் கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் திரும்பின, 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பதவி இறக்கியது. வேறு யாராவது என்றால் கடை போட்டிருப்பார். இவர் அதே கட்டடத்தில் ஒட்டிக்கொண்டு, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் அறிமுகமான ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து வேலையைத் தொடர்ந்து, 2013இல் ஜெர்மனியின் பயோஎன்டெக் கம்பெனிக்குப் போனார். அந்த ஆர்என்ஏ ஆராய்ச்சியிலிருந்து கோவிட் தடுப்பூசி வந்தது, 2023இல் நோபல் வந்தது. இரண்டு அமைப்புமே அந்தம்மாவை அவமதித்தன. ஆனால் இரண்டாவது நாட்டில் ஒருத்தர் கைவிட்டால் இன்னொருத்தர் இருந்தார், யாரும் சிறையில் போடவில்லை. என் மார்க் இதற்குத்தான், தயக்கமே இல்லை.

இரண்டு முகாம்களும் சேர்ந்து உருப்படியாக ஏதாவது செய்ததுண்டா?
– கிராம சுகாதார செவிலியர், தர்மபுரி

உங்கள் துறையிலேயே. பெரியம்மையை உலகத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று 1958இல் உலக சுகாதார சபையில் முன்மொழிந்தவர் சோவியத் துணை அமைச்சர் ஸ்தானோவ். உறைய வைத்து உலர்த்திய தடுப்பூசியை நூறு கோடி டோஸுக்கு மேல் அந்த நாடு இலவசமாகக் கொடுத்தது, நமக்கும் வந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் அம்மைப்பால் தயாரானது. திட்டத்தை ஓட்டியவர் அமெரிக்கர், ஹெண்டர்சன். குத்துகிற ஊசி? வையெத் என்ற அமெரிக்கத் தனியார் கம்பெனியில் பெஞ்சமின் ரூபின் தையல் மெஷின் ஊசியின் காதைத் தேய்த்து, இரண்டு முனை முள்ளாக ஆக்கியது. ஒரு சொட்டு மருந்து அந்த இடுக்கில் நிற்கும், யார் வேண்டுமானாலும் குத்தலாம், மருந்தும் கால்வாசி போதும். கம்பெனி ராயல்டி கேட்கவில்லை. இந்தியாவில் கடைசி நோயாளி 1975, உலகம் விடுபட்டதாக அறிவிப்பு 1980. வியட்நாம் போரில் இரண்டு முகாம்களும் எதிரெதிர் பக்கம் நின்ற காலத்தில்தான் இதுவும் நடந்தது.

சீனா எந்தக் கணக்கில் சேரும்? முதலாளித்துவமா, சோஷலிசமா?
– ஏற்றுமதியாளர், திருப்பூர்

கொடியைப் பார்த்தால் ஒன்று, ஷென்ஷென் வீதியைப் பார்த்தால் ஒன்று. மாவோ காலத்திலேயே, 1967இல் தொடங்கிய 523 என்ற ரகசியத் திட்டத்தில் மலேரியா மருந்தான ஆர்டிமிசினினைக் கண்டெடுத்தார்கள். தூ யூயூவுக்கு நோபல் வர 2015 ஆனது. அதே காலத்தில் கலாச்சாரப் புரட்சியில் பேராசிரியர்களை வயலுக்குத் துரத்தியதும் அவர்கள்தான். ஆக, அந்தக் காலத்தை ரொம்பவும் கொண்டாட முடியாது.

1980இல் ஷென்ஷென் நகரம் சிறப்புப் பொருளாதார மண்டலமான பிறகு கதை வேறு. வெளியிலிருந்து பார்த்தால் பீஜிங் ஆணையிட, எல்லோரும் செய்வது போலத் தெரியும். உள்ளே மாநிலத்துக்கு மாநிலம், நகரத்துக்கு நகரம் முதலாளி போல முதலீடு செய்கின்றன. மின்சார கார் கம்பெனி நியோ 2020இல் மூழ்கப் போனபோது ஹெஃபெய் நகர நிர்வாகம் எழுநூறு கோடி யுவான் முதலீட்டுக்கு வழிசெய்து காப்பாற்றி, அதன் சீனத் தலைமையகத்தை ஊருக்கு இழுத்துக்கொண்டது. ஒரு ஊர் கைவிட்டால் அடுத்த ஊர். கூடவே, உள்ளூர்க் கம்பெனிகளுக்குள் நடக்கிற விலைச் சண்டையில் பாதிப் பேர் திவால், மிஞ்சுகிறவன் அசுரன். 1995இல் பேட்டரி செய்யத் தொடங்கிய பிஒய்டி அப்படி மிஞ்சியது. ஆனால் மேலே ஒரே ஒரு கதவுதான். 2020 அக்டோபரில் அலிபாபா கம்பெனியைத் தொடங்கிய ஜாக் மா வங்கிக் கட்டுப்பாட்டாளர்களைக் கொஞ்சம் கிண்டல் செய்தார். பத்தே நாளில் அவருடைய ஆன்ட் கம்பெனியின் பங்கு வெளியீடு நின்றது. அந்த ஊரில் பணக்காரனாக இருக்கலாம், வாய்தான் இருக்கக்கூடாது.

இன்றைய ஏஐ முழுக்க முழுக்க தனியார் சாதனைதானே? அரசாங்கம் இனி எதற்கு?
– கணினி அறிவியல் மாணவி, சேலம்

இன்றைய செலவைப் பார்த்தால் தனியார்தான், சந்தேகமில்லை. நேற்றையதைப் பாருங்கள். இன்றைய ஏஐக்கு அடித்தளமான நியூரல் நெட்வொர்க் உதவாக்கரை என்று பெரும்பாலோர் ஒதுக்கிய காலத்தில் ஜெஃப்ரி ஹின்டன் அதையே கட்டிக்கொண்டு அழுதார். அமெரிக்காவில் இந்த ஆராய்ச்சிக்கு வருவதில் பெரும்பகுதி ராணுவக் காசு, அது பிடிக்காமல் 1987இல் கனடா போனார். 2004இல் அரசு ஆதரவு பெற்ற சிஃபார் என்ற கனடிய அமைப்பு அவருடைய சின்னக் குழுவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் கேள்வி கேட்காத பணம்.

2012இல் அவருடைய மாணவர்கள் படங்களை அடையாளம் காணும் போட்டியில் எல்லோரையும் தூக்கி அடித்தபோது, அந்த மாடலைப் பயிற்றுவித்தது என்விடியாவின் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கிராபிக்ஸ் அட்டைகளில். அந்த அட்டை எதற்குச் செய்தது? வீடியோ கேம் ஆட! உலகம் முழுக்கப் பையன்கள் அப்பா அம்மாவிடம் அடம்பிடித்து வாங்கிய கேம் அட்டைகளால் வளர்ந்த சந்தைதான் அந்த சிப்பை அவ்வளவு வேகமாகவும் அந்த விலைக்கும் கொண்டுவந்தது. எந்தத் திட்டக் குழுவும், ஐந்தாண்டுத் திட்டத்தில் டீன் ஏஜ் பையன்கள் சுட்டு விளையாட இத்தனை கோடி என்று எழுதியிருக்காது. இந்த இடத்தில் சந்தைக்கு நான் முழு மார்க் போடுகிறேன்.

இன்று அதே வகை அட்டைகள் லட்சக்கணக்கில் விலை ஏறி, கல்லூரி ஆய்வகங்களுக்கு எட்டாமல் போய்விட்டன. அதனால் மறுபடி அரசாங்கம். 2024 மார்ச்சில் மத்திய அரசு இந்தியாஏஐ திட்டத்துக்கு 10,372 கோடி ஒதுக்கியது. அதில் ஒரு பகுதி, மாணவர்களுக்கும் புதுக் கம்பெனிகளுக்கும் இந்த அட்டைகளை மானிய வாடகைக்கு, மணிக் கணக்கில் விடுவது. உங்கள் துறைத் தலைவரை நச்சரித்து விண்ணப்பம் போடுங்கள். படிவம் நீளமாகத்தான் இருக்கும்.